கசப்பு குறைவாக, மணம் நிறைய

எனக்கு பீர் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்கட்டில் அடுக்கியிருக்கும் பாட்டில்களைப் பார்த்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்திருப்பீர்கள். கிறிஸ்துமஸ் அன்று சின்னக் கிளாஸில் ஷெர்ரி ஒயின், அதிலும் பாதியை வைத்துவிடுவேன். பீர் காய்ச்சுவதற்கே பேர்போன இந்தப் பர்ட்டனில் நாற்பது வருடம் குடியிருந்து, முளைகட்டிய பார்லி மால்ட் வேகும் வாசனையிலேயே துணி உலர்த்தியவள் பீர் பிடிக்காது என்றால் இங்கே சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான்கு வருடம் ஒரு சொட்டு தொடாமல் இருந்த மனிதர் எப்படி மறுபடி குடிக்க ஆரம்பித்தார் என்று கேட்கிறீர்கள். மரண விசாரணை அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பொறுமையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் நெவில் கெட்டவர் இல்லை. மதுவாலையில் சுவை பார்க்கும் அறையில் இருந்தார். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு வாய் எடுத்து, இதில் மால்ட் கருகியிருக்கிறது, இதில் ஈஸ்ட் சோர்ந்துவிட்டது என்று சொல்வார். துப்பிவிட வேண்டும் என்பது விதி. அவர் துப்பவில்லை. மதுவாலையை மூடிய பிறகு விதியும் இல்லை. மொத்தம் இருபத்திரண்டு வருடம் குடித்தார். துணி அலமாரியைக் கழிவறை என்று நினைத்துக் கதவைத் திறந்து நிற்பார். வாசலில் டாஃபடில் பூக்களுக்கு நடுவே விழுந்து கிடப்பார். தோளில் சாய்த்து உள்ளே கொண்டுவந்து, கழுவி, துடைத்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுப்பேன். எல்லாம் நான்தான்.

ஊருக்கே அது தெரியும். பக்கத்து வீட்டு ஷீலா மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' செய்து துணியால் மூடிக்கொண்டு வருவாள். "பெரில், நீ எப்படித்தான் தாங்கறியோ" என்பாள். அந்த மாதிரி நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் கண்ணைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டால் போதும். சேப்பலில் நான் நுழைந்தால் பேச்சு மெதுவாகும், யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். ஒரு தடவை போதகர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் இருந்த அறுபது பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல விதமான வெட்கம்.

பிறகு ஆஸ்பத்திரி. ரத்த வாந்தி. டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து எனக்கு விளக்கினார். ஈரல் கல்லாகிவிட்டது, அதன் வழியாகப் போக முடியாத ரத்தம் உணவுக்குழாயின் ரத்தநாளங்களில் தேங்கி அவை வீங்கிக் கிடக்கின்றன, இப்போதைக்குக் கட்டுப்போட்டிருக்கிறோம், மறுபடி குடித்தால் வெடிக்கும். "அப்ப நாங்க நேரத்துக்கு வந்து சேர முடியுமான்னு சொல்ல முடியாது, மிஸஸ் ஆர்க்ரைட்" என்றார். அந்தத் தாளை நான் வாங்கிக்கொண்டேன். சமையல் குறிப்பு டப்பாவில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துத் தருகிறேன்.

நெவில் குடியை விட்டார். டெஸ்மண்ட் என்று ஒருவர், பழைய பஸ் டிரைவர், வியாழக்கிழமைகளில் சேப்பல் கூடத்தில் குடியை விட்டவர்களுக்குக் கூட்டம் நடத்துகிறார். நெவில் அங்கே போனார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நான் பின்னால் நின்று டீ போட்டேன்.

குடித்த காலத்தில் யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஒரு ஞாயிறு காலை முட்டையும் தக்காளியும் பொரித்து வைத்திருந்தேன். நெவில் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வரிசை எண் போட்டுப் பத்தொன்பது எழுதியிருந்தார்.

"ஒண்ணு, உங்கம்மா அடக்கத்துக்கு நான் வரல" என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சரி" என்றேன்.

பென்சிலால் ஒரு கோடு. "ரெண்டு, உன் கல்யாண மோதிரத்தை வித்துட்டு, தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன்."

"சரி."

இப்படியே பத்தொன்பதும். எல்லாவற்றுக்கும் கோடு போட்டாயிற்று. முட்டை ஆறிவிட்டது. அவர் முகம் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, தக்காளி கொஞ்சம் கருகிவிட்டது என்றார். இருபத்திரண்டு வருடம் நான் சேர்த்து வைத்திருந்தது இருபது நிமிடத்தில் முடிந்துபோயிற்று. மன்னித்துவிட்டேன், அது உண்மை. மன்னித்த பிறகு என் கையில் ஒன்றும் மிச்சம் இல்லை.

அதற்குப் பிறகு ஷீலா இறைச்சிப் பை கொண்டுவருவது நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நல்லா இருக்காரு, பார்க்கவே சந்தோஷமா இருக்கு" என்பாள். சேப்பலில் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான்காம் வருட நிறைவுக்கு ஒரு கேக் வெட்டினார்கள். நெவில் எழுந்து நன்றி சொன்னார். டெஸ்மண்டுக்கு, டாக்டருக்கு, ஆண்டவருக்கு, தினமும் காலையில் தன்னை நடக்க இழுத்துக்கொண்டு போன டெஸ்மண்டின் நாய்க்கு. உட்காரப் போனவர் மறுபடி எழுந்து, "அப்புறம், டீ போட்டுக் கொடுத்த பெரிலுக்கும்" என்றார். கை தட்டினார்கள். நாய்க்கும் இதே அளவு தட்டினார்கள்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். "எனக்குக் குடியில ஞாபகம் இருக்கறது கசப்பு ஒண்ணுதான். நாக்கோட அடியில அந்தக் கசப்பு பட்டுதுன்னா போதும், நான் எங்க இருந்தாலும் எழுந்து ஓடிடுவேன். அதுதான் எனக்கு மணி அடிக்கிற மாதிரி." நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது நான் ஒன்றும் நினைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் எங்கள் தோட்டக் கண்காட்சி நடக்கும். வருடா வருடம் நான் ஆரஞ்சுத் தோல் ஜாம், மார்மலேட், வைப்பேன், வருடா வருடம் மூன்றாம் பரிசு. அந்த வருடம் வீட்டில் காய்ச்சிய ஏல், அதுவும் ஒரு வகை பீர்தான், என்று ஒரு புதுப் பிரிவு சேர்த்தார்கள். சேர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், "பேல் ஏல். கசப்பு குறைவாக, மணம் நிறைய" என்று எழுதிக்கொண்டேன். பரிசு கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கசப்பு யாருக்குப் பிடிக்கும்?

டெஸ்மண்ட் கேள்விப்பட்டு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே நின்றார். "வேண்டாம் பெரில். வீட்டுக்குள்ள வேண்டாம். மார்மலேடே இருக்கட்டுமே" என்றார்.

"நீங்க சொன்னா விட்டுடறேன்" என்றேன். பிறகு உள்ளே திரும்பி, நெவிலுக்குக் கேட்கும்படி, "உன்னால தாங்க முடியாதுன்னு டெஸ்மண்ட் பயப்படறாரு, நெவில்" என்றேன்.

நெவில் வந்தார். கழுத்து சிவந்திருந்தது. "நாலு வருஷம் ஆச்சு, டெஸ்மண்ட். நான் என்ன பச்சைப் பிள்ளையா? அவ ஆசைப்படறா, காய்ச்சட்டும்."

பார்த்தீர்களா, அவர்தான் சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை.

மார்ச்சில் முதல் ஈடு. புத்தகத்தில் போட்டிருந்தபடி, கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் பூவை மால்ட் சாற்றில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். நெவில் சமையலறைக் கதவருகே மூன்று தடவை வந்து போனார். நான்காம் தடவை உள்ளே வந்துவிட்டார். "ஒரு மணி நேரமாவா கொதிக்கவிட்டே? வாத்து, அது ஏல் இல்ல, கஷாயம்." நீங்கள் தெற்கத்திக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது. இங்கே அன்பாகக் கூப்பிடுவதே அப்படித்தான், பெண்டாட்டியும் வாத்துதான், பஸ் டிரைவரும் வாத்துதான். ஆனால் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

"எனக்கென்ன தெரியும், நீதானே இதுல ஊறினவன்" என்றேன்.

அதோடு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கொதியில போட்டா கசப்பு இறங்கும். அடுப்பை அணைச்சிடு. எண்பது டிகிரிக்குச் சூடு இறங்கட்டும். அப்புறம் பூவைப் போட்டு இருபது நிமிஷம் மூடி வை. மணம் மட்டும்தான் வரும். நொதிச்சு முடிஞ்சப்புறம் இன்னொரு கை பச்சையா போடு." பேசப் பேச அவர் கைகள் காற்றில் பாத்திரங்களை நகர்த்தின. ரோஜாச் செடிக்கு அடியில் முதல் ஈட்டைக் கொட்டினேன். அவர் மோந்துதான் பார்த்தார். அவ்வளவுதான்.

இரண்டாம் ஈடு ஏப்ரலில். மோந்து பார்த்தே பாதி சொல்லிவிட்டார். மீதி பாதிக்கு வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். "கசக்குதா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியல, நெவில். எனக்கு எல்லாமே கசப்பாத்தான் இருக்கு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். துப்புவதற்குக் கிண்ணத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பல் தேய்த்தார், இரண்டு தடவை. அந்த வாரக் கூட்டத்தில் தானாகவே அதைச் சொல்லிவிட்டார். டெஸ்மண்ட் வெளுத்துப்போனார். வீட்டுக்கு வந்ததும், "நான் நிறுத்திடறேன், எனக்கு உன்னைவிட ஒரு பரிசா பெரிசு" என்றேன். "என்னால நீ நிறுத்தினேன்னு இருக்கக்கூடாது. இன்னும் லேசா ஒரு முள்ளு இருக்கு அதுல. அது தண்ணியால வர்றது. இந்த ஊர்த் தண்ணி கசப்பைத் தூக்கிக் காட்டும். கடையில பாட்டில் தண்ணி வாங்கு. ஒரு சிட்டிகை கால்சியம் குளோரைடு. ரெண்டு கை ஓட்ஸ்" என்றார்.

அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவைதான் என்று நினைக்கிறேன். மாலை ஆறு மணிக்குச் சமையலறை மேஜையில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து உட்கார்ந்திருப்போம்.

ஜூனில் மூன்றாம் ஈடு. மங்கலான தேன் நிறம். மூடியைத் திறந்தால் பீச்சுப் பழமும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும். ஒரு தேக்கரண்டியில் கொடுத்தேன். கிண்ணத்தையும் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். அவர் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. விழுங்கிவிட்டு அசையாமல் நின்றார். எதையோ எதிர்பார்த்துக் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

"வரலையே, பெரில்" என்றார்.

"என்ன வரல?"

"அந்தக் கசப்பு. வரவே இல்ல."

சிறு குழந்தை போல அவர் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் நோட்டைத் திறந்து, தேதி போட்டு, "வரவில்லை" என்று எழுதினேன்.

குடி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன். ஜூலையில் நான்காம் ஈடு தயாரானபோது கிளாஸை எடுத்தது அவர், ஊற்றியது அவர். முழுக் கிளாஸ். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன், அவருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதே என்று.

கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. "குடிக்க மிக எளிது" என்று நடுவர் அட்டையில் எழுதியிருந்தார்கள். நெவில் என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை அவர் கூட்டத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. டெஸ்மண்ட் வந்து கதவைத் தட்டினால் மாடியிலிருந்து, "இல்லேன்னு சொல்லு" என்பார். இல்லை என்று சொன்னேன். அவர் பேச்சை நான் எப்போதும் தட்டியதில்லை.

போட்டி முடிந்தது, பிறகு ஏன் தொடர்ந்து காய்ச்சினாய் என்று கேட்பீர்கள். வீட்டில் இல்லாவிட்டால் அவர் வெளியே போவார். வெளியே போனால் ரோட்டில் விழுவார். வீட்டில் என் கண் முன்னால் இருக்கட்டும் என்றுதான் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நாற்பது பாட்டில் போட்டேன். அவருக்கு முட்டி வலி, குனிய முடியாது. பெட்டிகளைப் பின்கட்டில் இடுப்பு உயரப் பலகையில் அடுக்கினேன். ஒன்றே ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லவில்லை. மால்டை ஒவ்வொரு ஈட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்றரை சதவீதத்தில் இருந்ததை ஏழுக்குக் கொண்டுவந்தேன். ஓட்ஸ் இருந்ததால் தொண்டையில் சூடு தெரியவில்லை. கசப்பு அப்படியே இருந்தது, அதாவது இல்லாமலே இருந்தது. செய்து பார்த்தால்தான் தெரியும், சுலபமான காரியம் இல்லை.

நவம்பரில் அவர் மறுபடியும் வாசலில் விழுந்தார். தோளில் சாய்த்துக்கொண்டேன். எடை குறைந்திருந்தார், தூக்கச் சிரமமில்லை. திரைச்சீலையை விலக்கி ஷீலா பார்த்தாள். மறுநாள் இறைச்சிப் பை வந்தது. "மறுபடியுமா, பெரில்? கடவுளே, நீ எப்படித்தான் தாங்கறியோ." நான் கண்ணைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

சேப்பலில் எனக்கு இடம் விட்டார்கள். போதகர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். டெஸ்மண்ட் இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அறுபத்தெட்டு வயது மனிதர். "எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியலையே பெரில், நான் இன்னும் அடிக்கடி வந்திருக்கணும்" என்றார். "உங்க மேல தப்பே இல்ல" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கேக் ஒரு துண்டு பொட்டலம் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். மனசு லேசாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் நன்றாகத் தூங்கினேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் கண்களில் மஞ்சள் ஏறியது. வயிறு உப்பியது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஒரு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஊத்திக் கொட்டிடேன், வாத்து. எல்லாத்தையும் கொட்டிடு. என்னால முடியல" என்றார். அழுதார். நான் அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். காலையில் கொட்டிவிடலாம் என்றேன். காலையில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. நாம் சொல்லி அவர்களை நிறுத்த முடியாது, அவர்களாகத்தான் நிறுத்த வேண்டும் என்று டெஸ்மண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. மாடிக் குளியலறையில் ஏதோ விழுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டபோது இரண்டு இருபது என்று ஷீலா சொல்லியிருக்கிறாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது மூன்று பத்துக்கு என்று உங்கள் தாளில் இருக்கிறது. ஷீலாவின் கடிகாரம் சரியாகத்தான் ஓடும். என்னுடையதும் அப்படித்தான்.

பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை நடுவில் விட முடியாது. வாளி திறந்திருந்தால் காற்றுப் பட்டு மணமெல்லாம் போய்விடும், அட்டை நனைந்த வாசனை வந்துவிடும். நெவிலே சொல்லிக்கொடுத்ததுதான். இன்னும் பதினொரு பாட்டில் இருந்தன. மேலேயிருந்து அவர், "பெரில்" என்றார். கேட்டது. அவர் குரல் எனக்குத் தெரியாதா? "பெரில், ரத்தம்" என்றார். வரேன் என்று சொன்னேன். குழாயை அடுத்த பாட்டிலுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றையும் கழுத்து வரை நிரப்பி, மூடி வைத்து அழுத்தி, துடைத்து அடுக்க வேண்டும். எட்டாவது பாட்டில் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மிச்சம் மூன்றையும் அடைத்து முடித்தேன். வாளியையும் குழாயையும் கழுவிக் கவிழ்த்தேன். ஆட்கள் வருவார்களே என்று ஏப்ரனைக் கழற்றிவிட்டு, தலை வாரிக்கொண்டு, நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் போன் செய்தேன். அதற்கப்புறம் மேலே போனேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். மார்ச்சிலிருந்தே தெரிந்துதான் செய்தேன். அந்தத் தாளில் டாக்டர் வரைந்த படத்தை நான் மறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர்கள் வந்தபோது தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் என் தோளில் போர்வை போர்த்தி, "எவ்வளவு வருஷமா இப்படி ஒத்தையா பார்த்துக்கிட்டீங்கம்மா" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள், அந்தப் பெண் கேட்டதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நெவிலை நான் பார்த்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.